குழி எங்களுக்கு, வரி உங்களுக்கா?

எங்கள் ஊரில் கூட்ஸ் ஷெட் ரோடு என்று ஒரு ரோடு உண்டு. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சரக்கு ரயில் நிற்கிற ஊர்களில் பெரும்பாலும் இப்படி ஒரு ரோடு இருக்கும். ஸ்டேஷனுக்குப் பின்பக்கமாகப் போகும். ஒரு பக்கம் ரயில்வே காம்பவுண்டு சுவர், இன்னொரு பக்கம் டீக்கடை, பஞ்சர் கடை, லாரி ஷெட், வெல்டிங் பட்டறை. நடுவில் இருப்பதை ரோடு என்கிறோம், வேறு பெயர் இல்லாத காரணத்தால்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு மழை நாள் சாயங்காலம். தைத்த துணியைக் கொடுத்துவிட்டு அம்மா ஸ்கூட்டியில் அந்த வழியாக வந்துகொண்டிருந்தார். தண்ணீர் தெரிந்தது, குழி தெரியவில்லை. டீக்கடைக்காரர் ஓடி வந்து தூக்கிவிட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அம்மா டெய்லர். தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த 31 ஜாக்கெட் துணிகளையும் நானும் தங்கையும் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தோம். எங்கள் வீட்டு வருமானத்தில் பாதி அந்த ஒரு மாதத்தில்தான் வரும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். இதற்கு மேல் சோகக் கதை கிடையாது, பயப்படாதீர்கள்.

திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாளில் ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். ரசீது கொடுத்தார்கள். மனு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனது. அங்கிருந்து "இந்தச் சாலை எங்கள் பராமரிப்பில் இல்லை" என்று திரும்பி வந்தது. கடைசியில் உண்மையிலேயே அந்த ரோட்டுக்குப் பொறுப்பான அலுவலகத்தைக் கண்டுபிடித்தேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். "தம்பி, அந்த ரோட்டை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடிதான் போட்டோம். எத்தனை தடவை போட்டாலும் நிக்காது. லோடு அப்படி. கான்கிரீட்தான் போடணும். அவ்வளவு பணம் நம்மகிட்ட இல்ல. ஸ்டேட் ஃபண்டு வந்தாத்தான் உண்டு" என்றார்.

எப்போது வரும் என்று கேட்டேன். சிரித்தார். தேர்தல் எப்போது என்று கேட்டது போல இருந்தது அந்தச் சிரிப்பு.

ஹாஸ்டலுக்குத் திரும்பி இதை என் ரூம்மேட்டிடம் சொன்னேன். அவன் கிராமத்துக்காரன், வாழை விவசாயி வீட்டுப் பையன். "உங்க ஊர் தெருவுக்கு ஸ்டேட் எதுக்குடா காசு தரணும்? எங்க ஊர்ல மழை பெஞ்சா பஸ்ஸே வராது. எங்கப்பா கட்டுற வரியில உங்க டவுன் ரோட்டுக்குத் தார் ஊத்தணுமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அவனுக்கான பதில்தான்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: பஸ்ஸும் லாரியும் ஓடுகிற நகரச் சாலைகளைப் பழுதுபார்க்கும் செலவு, மாநில அரசு வாகனத்திலும் பெட்ரோல் டீசலிலும் வசூலிக்கிற வரியிலிருந்து வர வேண்டும். பிச்சையாக இல்லை, தேர்தல் பரிசாக இல்லை. வருடா வருடம் கணக்குப்படி வந்து சேர வேண்டிய பாக்கியாக.

ஏன் என்று மூன்று கேள்விகளாகப் பிரித்துப் பார்ப்போம். ரோட்டை உடைப்பது யார்? அதற்கு வரி வாங்குவது யார்? செலவு செய்ய வேண்டியது யார்?

உடைப்பது யார்?

1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊர் அருகே ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். வட்டமாக ரோடு போட்டு, ராணுவ வீரர்களை வைத்து இரண்டு வருடம் லாரிகளை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். எந்த எடைக்கு ரோடு எவ்வளவு கெடுகிறது என்று அளந்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க சாலைப் பொறியாளர்கள் அந்தச் சோதனையிலிருந்து வந்த கணக்கை ஏதோ ஒரு வடிவத்தில் பயன்படுத்துகிறார்கள். கணக்கு இதுதான்: ரோட்டுக்கு ஏற்படும் சேதம், வண்டியின் ஓர் அச்சு தாங்கும் எடையின் நான்காம் மடிக்குத் தோராயமாகச் சமம்.

நான்காம் மடி என்றால் சும்மா இல்லை. எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. ஒரு காரின் அச்சில் அரை டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோடு லாரியின் பின் அச்சில் பத்து டன். இருபது மடங்கு எடை. சேதம்? 1,60,000 மடங்கு. அம்மாவின் ஸ்கூட்டியைப் போட்டுப் பார்த்தேன். அம்மாவையும் துணிமூட்டையையும் சேர்த்து ஓர் அச்சுக்கு 100 கிலோ. லாரி அச்சு ஒன்று ஒரு தடவை போவது, ஸ்கூட்டியின் அச்சு பத்து கோடி தடவை போவதற்குச் சமம். கால்குலேட்டரில் இரண்டு தடவை சரிபார்த்தேன். பத்து கோடிதான். சோதனை நடத்தியவர்கள் ஸ்கூட்டியை ஓட்டிப் பார்க்கவில்லைதான். இருந்தாலும் விஷயம் புரிகிறது அல்லவா? ஊர்க்காரர்கள் வண்டி ஓட்டி அந்த ரோடு உடையவில்லை. உடைக்கவும் முடியாது.

இப்போது கூட்ஸ் ஷெட்டுக்கு வருவோம். ஒரு முழு சரக்கு ரயிலில், மூடிய வேகன் வகையில், 42 வேகன் வரும். அதில் சுமார் 2,600 டன் சரக்கு. சிமெண்டு, உரம், அரிசி, கோதுமை. பத்து டன் ஏற்றுகிற லாரி என்றால் ஒரு ரயில் சரக்கை எடுக்க 260 நடை. இறக்கத் தாமதமானால் ரயில்வே அபராதம் போடும் என்பதால் ராத்திரி பகல் பார்க்காமல் லாரிகள் ஓடும். அந்த அரிசியும் உரமும் எங்கள் ஊருக்கு மட்டுமா? மாவட்டம் முழுக்கப் போகிறது. என் ரூம்மேட் வீட்டு வாழைக்கு வைக்கிற பொட்டாஷும் இப்படி ஒரு ரோட்டின் மேல்தான் போயிருக்கும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அச்சு எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு அதுவரை 10.2 டன். அதன்பிறகு 11.5 டன். லாரிக்காரர்களுக்கு நல்லதுதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் நான்காம் மடிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 11.5-ஐ 10.2-ஆல் வகுத்து, நான்காம் மடி எடுத்தால் 1.6 சொச்சம். அதாவது முழு லோடு ஏற்றின அச்சு ஒன்று ரோட்டுக்குச் செய்யும் சேதம் ஒரே உத்தரவில் அறுபது சதவீதம் கூடிவிட்டது. டன் கணக்கில் அதிகம் ஏற்றுவதால் நடைகள் கொஞ்சம் குறையும் என்பதைக் கழித்தாலும் சேதம் கூடத்தான் செய்யும். கூட்ஸ் ஷெட் ரோடு அதே ரோடு. அதன் அடியில் இருக்கும் ஜல்லி அதே ஜல்லி. உத்தரவு போட்டவர்கள் யாரும் அதைப் பலப்படுத்துவதற்கு எங்கள் ஊருக்கு ஒரு ரூபாய் சேர்த்து அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை.

வாங்குவது யார்?

வண்டி வாங்கினால் வரி மாநிலத்துக்கு. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, மாநிலப் பட்டியல், 57-வது இனம்: வாகனங்கள் மீதான வரி. 54-வது இனம்: பெட்ரோல், டீசல் விற்பனை மீதான வரி. ஜி.எஸ்.டி. வந்த பிறகும் பெட்ரோல் டீசலை அதற்குள் கொண்டுவராமல் மாநிலங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பது ஏன் என்று நினைக்கிறீர்கள்? நல்ல வருமானம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியைக் குறைத்தபோது நிர்ணயித்த விகிதம் 13 சதவீதம், அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. குறைத்த பிறகு இது. கூட்டிப் பார்த்தால் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வருகிறது. 2023 நவம்பரில் இருசக்கர வாகனத்துக்கான ஆயுள் வரியை, ஒரு லட்சம் ரூபாய் வரை விலையுள்ள வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் என்று உயர்த்தினார்கள். லாரிக்காரர்கள் காலாண்டுக்கு ஒருமுறை வரி கட்டுகிறார்கள். இதையெல்லாம் ஜனங்கள் "ரோடு டாக்ஸ்" என்றுதான் சொல்கிறார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இருக்கிற புரோக்கரும் அப்படித்தான் சொல்கிறார். பெயரில்தான் ரோடு இருக்கிறது. பணம் போய்ச் சேருவது மாநிலத்தின் தொகுநிதியில். அங்கே போனபின் அது எல்லாப் பணத்தோடும் கலந்துவிடும்.

பெட்ரோலில் வாங்கி ரோட்டில் போடுவது என்பது நான் கண்டுபிடித்த புதுக் கொள்கை இல்லை. 1927-ல் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் அமைந்த சாலைக் குழு சொன்னதன் பேரில், 1929-ல் பெட்ரோலுக்கு கேலனுக்கு இரண்டு அணா கூடுதலாக வாங்கி, அதற்கென்று தனியாக மத்திய சாலை நிதி தொடங்கினார்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒப்புக்கொண்ட நியாயம். 2000-ல் இதற்கு மத்திய சாலை நிதிச் சட்டம் வந்தது. தேசிய நெடுஞ்சாலை, கிராமச் சாலை, மாநிலச் சாலை, ரயில்வே மேம்பாலம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பங்கு வைத்தார்கள். நகரத் தெரு என்று தனியாக ஒரு பெயர் அந்த வரிசையில் இல்லை. பந்தியில் எல்லோருக்கும் இலை போட்டுவிட்டு, சமைத்தவனை மறந்த கதை.

செலவு செய்ய வேண்டியது யார்?

1992-ல் கொண்டுவந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பதினெட்டு வேலைகள் அதில் இருக்கின்றன. நான்காவது வேலை: சாலைகளும் பாலங்களும். அட்டவணையில் வேலைகளின் பட்டியல் இருக்கிறது. வருமானப் பட்டியல் இல்லை. எந்த வரியைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பது மாநிலத்தின் விருப்பம்.

சரி, மாநகராட்சியிடம் என்ன இருக்கிறது? முக்கியமாகச் சொத்து வரி. அப்புறம் தொழில் வரி. தொழில் வரிக்கு ஒரு ஆளுக்கு வருடம் 2,500 ரூபாய்தான் உச்சவரம்பு, அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சொத்து வரி என்பது வீட்டின் சதுர அடிக்கு. அந்த வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறாரா, நடந்து போகிறாரா என்று அதற்குத் தெரியாது. எங்கள் தெருவில் வண்டியே இல்லாத ஒரு பாட்டி இருக்கிறார். அவர் கட்டுகிற சொத்து வரியில்தான் 11.5 டன் அச்சு உடைத்த ரோட்டை ஒட்டுப்போட வேண்டும்.

அந்தப் பாட்டியாவது கட்டுகிறார். கூட்ஸ் ஷெட்டும் ரயில்வே இடமும் சொத்து வரி கட்டாது. அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவு, மத்திய அரசின் சொத்துகளுக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி போடக்கூடாது என்கிறது. எந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து 260 லாரி வெளியே வருகிறதோ, அந்தச் சுவரிடம் மாநகராட்சி வரி கேட்க முடியாது.

ஆக, எடையை உயர்த்துவது டெல்லி. வரி வாங்குவது சென்னை. ரோட்டைப் போட வேண்டியது எங்கள் ஊர். விழுந்து கையை உடைத்துக்கொள்வது அம்மா.

இந்தப் பிரிவினையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் எங்கள் ஊருக்கு வாருங்கள். பைபாஸிலிருந்து ஊருக்குள் வருகிற மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. வழவழவென்று இருக்கும், வெள்ளைக் கோடு போட்டிருக்கும். அதே லாரி அதே லோடோடு இடதுபக்கம் கூட்ஸ் ஷெட் ரோட்டுக்குத் திரும்பும். திரும்புகிற இடத்தில் தாரின் நிறமே மாறும். ஒரு கோடு கிழித்தது போல இருக்கும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் வரி வாங்குகிற அரசின் ரோடு. அந்தப் பக்கம் பாட்டியின் சொத்து வரி ரோடு.

எதிர்க் கேள்விகள்

முதலில் ரூம்மேட்டுக்கு. கிராமத்துச் சாலைக்குக் கொடுக்காதே என்று நான் சொல்லவே இல்லையடா. உன் ஊருக்கு 2000-ல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் என்று ஒன்றாவது இருந்தது. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை என்று நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒரு வரிசை இருக்கிறது. அது போதாது என்றால் சேர்ந்தே கேட்போம், நானும் மனு எழுதித் தருகிறேன். ஆனால் உன் அப்பா வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் மண்டிக்கு வருகிறார் அல்லவா? உன் ஊர்க்காரர்கள் பெரியாஸ்பத்திரிக்கு எங்கள் ஊருக்குத்தானே வருகிறார்கள்? டவுன் ரோடு டவுன்காரனுக்கு மட்டும் என்றால், பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற ஆட்களில் முக்கால்வாசிப் பேரை நாங்கள் அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்ப வேண்டும் :-)

இரண்டாவது கேள்வி: "ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம்?" உண்மைதான். மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்து சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை தமிழ்நாட்டில் உண்டு. பல மாநிலங்களை விட இது மேல். ஆனால் அந்தப் பணம் வந்ததும் முன்னால் நிற்பவை சம்பளம், ஓய்வூதியம், மின் கட்டணம், குடிநீர், குப்பை. இவை எதையும் தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போடக்கூடியது ஒன்றுதான், ரோடு. ரோடு போராட்டம் நடத்தாது. அதனால் ஒவ்வொரு வருடமும் அதுதான் தள்ளிப்போகிறது.

"திட்டங்கள் இருக்கின்றனவே" என்பீர்கள். இருக்கின்றன. தமிழ்நாடு நகர்ப்புறச் சாலை உட்கட்டமைப்புத் திட்டம் என்று ஒன்று வந்தது. ஆட்சி மாறிய பிறகு கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் வந்தது, நகர்ப்புறச் சாலை மேம்பாட்டுத் திட்டம் வந்தது. இவற்றில் நல்ல ரோடுகளும் போட்டிருக்கிறார்கள், இல்லை என்று சொன்னால் பாவம். ஆனால் கவனியுங்கள். இந்தத் திட்டங்களைப் போட்டதன் மூலம், நகரச் சாலைக்கு மாநிலப் பணம் தேவை என்ற கொள்கையை இரண்டு கழக ஆட்சிகளுமே ஒப்புக்கொண்டுவிட்டன. இனி சண்டை கொள்கைக்கு இல்லை. முறைக்குத்தான். திட்டம் என்றால் அறிவிப்பு வேண்டும், மந்திரி வர வேண்டும், எந்த ஊருக்கு எவ்வளவு என்பதை யாரோ மேலே உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். அடுத்த வருடம் எவ்வளவு வரும் என்று எந்த இன்ஜினியருக்கும் தெரியாது. தெரியாதபோது அவர் என்ன செய்வார்? ஒட்டுப்போடுவார். வருடா வருடம் ஒட்டுப்போட்டே, கான்கிரீட் போட்டிருக்கக்கூடிய பணத்தைத் தீர்ப்பார்.

தார் ரோடு கெடுவதில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் மேலே மயிரிழை மாதிரி வெடிப்பு. அந்த நேரத்தில் அடைத்தால் சின்னச் செலவு. விட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி அடியில் இருக்கிற ஜல்லியையும் மண்ணையும் இளக்கும். அதன்மேல் லாரி போகும்போது சேறு வெடிப்பு வழியாக மேலே பீய்ச்சும். பிறகு மேல்தோல் உட்கார்ந்து குழியாகும். அப்போது மேலே தார் ஊற்றிப் பயனில்லை, அடியோடு தோண்ட வேண்டும். வீட்டில் ஒழுகுகிற ஓட்டை மாற்றாமல் விட்டு, கடைசியில் உத்தரத்தையே மாற்றுகிற கதை. அதனால் "மாநிலமே கடனில் இருக்கிறது, ரோட்டுக்கு இப்போது பணம் இல்லை" என்கிறவர்களுக்கு என் பதில்: தள்ளிப்போடுவதும் கடன்தான். பட்ஜெட் புத்தகத்தில் தெரியாத கடன்.

மூன்றாவது கேள்வி: "உங்கள் ஊரே சொத்து வரியை ஏற்றிக்கொள்ளட்டுமே?" 2022-ல் தமிழ்நாடு முழுக்க நகரங்களில் சொத்து வரியை ஏற்றினார்கள். எங்கள் தெருவில் எல்லோரும் கட்டினோம். கூட்ஸ் ஷெட் ரோடு அப்படியேதான் இருக்கிறது. தெருவிளக்கு, சாக்கடை, வீட்டு வாசல் வரைக்கும் உள்ள சின்னத் தெரு, இதற்கெல்லாம் சொத்து வரி கேளுங்கள், தருகிறோம். அந்தத் தெருக்களுக்கு நான் மாநிலப் பணம் கேட்கவில்லை. மாவட்டத்தின் அரிசியைச் சுமக்கிற ரோட்டுக்குத்தான் கேட்கிறேன்.

நான்காவது, டீக்கடையில் எல்லோரும் கேட்கிற கேள்வி: "காசு கொடுத்தா மட்டும் போட்டுடுவாங்களா? கமிஷன்தான் போகும்." இந்தக் கேள்விக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு வீடுகளெல்லாம் பள்ளத்தில் போனதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, சுரண்டாமல் ரோடு போடக்கூடாது என்று அதிகாரிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சொல்ல வேண்டிய நிலைமை இருந்தது என்பதே வெட்கம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எவ்வளவு பணம், எந்த ரோட்டுக்கு என்று யாருக்கும் தெரியாத இடத்தில் களவு சுலபமா, எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் சுலபமா? "உங்கள் ஊருக்கு இந்த வருடம் இவ்வளவு, இந்தப் பட்டியலில் உள்ள ரோடுகளுக்கு மட்டும்" என்று அச்சடித்து வந்தால், டீக்கடைக்காரரும் கணக்குக் கேட்பார். கேட்பதற்கு ஓர் ஆளும் வேண்டும். 2016 அக்டோபரில் நகர உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது. அந்தக் காலத்தில் ரோடு எப்படி இருந்தது என்று கேட்க எங்களுக்கு ஆளே இல்லை. களவைக் காரணம் காட்டிப் பணத்தை நிறுத்துகிறவர்கள், களவைக் கேட்கிற ஆளையும் சேர்த்து நிறுத்தியது ஏன்?

மற்ற இடங்களில்

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். அங்கே உள்ளாட்சிகளுக்கு மாநிலம் கொடுக்கும் பணத்தில் பராமரிப்பு நிதி என்று தனியாக ஒன்று உண்டு. அதிலும் சாலைக்கு இவ்வளவு, சாலை அல்லாத கட்டிடங்களுக்கு இவ்வளவு என்று தனித்தனித் தலைப்பு. புது ரோடு போட்டு ரிப்பன் வெட்டுவதற்கு இல்லை. இருக்கிற ரோட்டைக் காப்பாற்றுவதற்கு. அந்த வித்தியாசம் முக்கியம்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1951-ல் ஒரு சட்டம் போட்டார்கள். எரிபொருள் வரியும் வாகனப் பதிவுக் கட்டணமும் ஒரு நிதியில் சேரும். அதில் சட்டம் சொல்கிற மற்ற ஒதுக்கீடுகள் போக, மிச்சத்தில் 39.1 சதவீதம் மாநில நெடுஞ்சாலைக்கு, 39.1 சதவீதம் மாவட்டச் சாலை அமைப்புகளுக்கு, 21.8 சதவீதம் நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும். ஒவ்வொரு நகரத்துக்கும் எவ்வளவு என்பது மக்கள்தொகையையும் சாலை நீளத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வரும். யாரும் யாரையும் பார்த்துக் கும்பிட வேண்டியதில்லை. அதனால் மிச்சிகன் ரோடெல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் குழிகள் பிரசித்தம். 2018 ஆளுநர் தேர்தலில் கிரெட்சன் விட்மர் ஜெயித்ததே ரோட்டைச் சரிசெய்வேன் என்ற கோஷத்தை வைத்துத்தான். பங்கு பிரிக்கும் முறை நன்றாக இருந்தாலும் பானையில் போதுமான சோறு இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரிகிறது. ஆனால் அங்கே சண்டை "பானையில் எவ்வளவு" என்பதற்கு. இங்கே நமக்கு இன்னும் இலையே போடவில்லை.

கேட்பது என்ன?

புலம்பிவிட்டுப் போகக் கூடாது என்பதால் என் கோரிக்கைகளை எழுதிவிடுகிறேன்.

ஒன்று. வாகன வரியிலும் பெட்ரோல் டீசல் வரியிலும் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை நகரச் சாலைப் பராமரிப்புக்கு என்று சட்டத்தில் எழுத வேண்டும். எத்தனை சதவீதம் என்பதை நிதி ஆணையம் சொல்லட்டும். பூஜ்யம் என்று மட்டும் சொல்லக் கூடாது.

இரண்டு. பஸ் போகிற, சரக்கு லாரி போகிற நகரச் சாலைகளுக்கு ஒவ்வொரு ஊரிலும் பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலுக்குள் மட்டும் இந்தப் பணம். பங்கு பிரிக்கும்போது நீளத்தை மட்டும் பார்க்காமல், அந்த ரோட்டில் ஓடுகிற கனரக வண்டிகளையும் எண்ண வேண்டும். கூட்ஸ் ஷெட் ரோடு ஒன்றரை கிலோமீட்டர்தான். ஆனால் அது சுமப்பது ஒரு மாவட்டத்தை.

மூன்று. பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போட்டார்களா, எவ்வளவு கனம், எந்த ஒப்பந்ததாரர், எத்தனை வருடத்துக்கு அவர் பொறுப்பு, எல்லாம் அந்த ரோட்டிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும். தமிழில்.

நான்கு. அச்சு எடையை மறுபடி உயர்த்துகிறவர்கள், உயர்த்துகிற அன்றே அந்தச் சேதத்துக்கான பணத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

இவ்வளவுதான். நிலாவில் ரோடு கேட்கவில்லை.

அம்மாவுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். கை முன்போல மடங்கவில்லை. காஜா எடுக்கும்போது வலிக்கிறது என்கிறார். தையல் மிஷினில் உட்கார்கிறார், முன்பு ஒரு நாளில் முடிக்கிற வேலையை இரண்டு நாளில் முடிக்கிறார். ஸ்கூட்டிக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்ததால் போன வாரம் பழைய காகிதங்களை எல்லாம் எடுத்தேன். அதில் ஆயுள் வரி கட்டின ரசீதும் இருந்தது. அந்த வண்டி ஓடுகிற காலம் முழுமைக்கும் உள்ள வரியை, ரோட்டில் இறக்குவதற்கு முன்னாலேயே, ஒரே தவணையில் அம்மா கட்டியிருக்கிறார். ஒரு பைசா பாக்கி இல்லை.

அந்த ரசீதையும் டாக்டர் சீட்டையும் சேர்த்து அடுத்த மனுவோடு இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.